ஆவணப்படத்தில் பேசலாமா? தம்பி இன்னும் உள்ளே இருக்கிறான்

முப்பத்தைந்து வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும், அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

இருபத்திரண்டு வயதில் ஒரு புதிய மத இயக்கத்தில் சேர்ந்தார். ஒன்பது ஆண்டுகள் சம்பளமில்லாத முழுநேரத் தொண்டர். சேமிப்பு முழுவதையும் அங்கேயே கொடுத்தார். சேர்ந்த மூன்றாம் ஆண்டில் தம்பியையும் அழைத்துப் போனார். வாரம் ஒருமுறை ஒவ்வொருவரும் தம் குற்றங்குறைகளைக் கூட்டத்தின் முன் சொல்ல வேண்டும், அது வீடியோவாகவும் பதிவாகும். தலைவரைக் கேள்வி கேட்டவர்களைத் தொடர்ந்து இரவுகளில் தூங்க விடமாட்டார்கள். ஒரு கட்டத்தில் தாங்க முடியாமல் வெளியே வந்துவிட்டார். இது நடந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. தம்பி வரவில்லை. மாதம் ஒருமுறை ஃபோனில் சில நிமிடங்கள் பேசுவதோடு சரி.

இப்போது அந்த இயக்கத்தைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும் குழு ஒன்று இவரைப் பேசக் கேட்டிருக்கிறது. இயக்குநர் ஒரு பெண், கனிவாகப் பேசுகிறார், விரைவில் பதில் வேண்டும் என்கிறார். கணவரோ, "பழசைக் கிளறாதே" என்கிறார். வாசகிக்குப் பேச வேண்டும் என்றுதான் இருக்கிறது. "நான் உண்மையைத்தானே சொல்லப்போகிறேன், யார் என்ன செய்ய முடியும்? முகத்தை மறைத்துவிடுவார்கள். பிடிக்காவிட்டால் பிறகு நீக்கச் சொல்லலாம். படத்தைப் பார்த்தால் தம்பிக்கும் புத்தி வரும்" என்று எழுதியிருக்கிறார். கடைசியில் ஒரு வரி: "அங்கே எனக்கு நல்ல நாட்களும் இருந்தன. அதைச் சொன்னால் படத்தைக் கெடுத்தவள் ஆவேனா?"

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு ஆசைகள் பின்னிக் கிடக்கின்றன. நடந்ததை நாலு பேர் அறியச் சொல்ல வேண்டும் என்பது ஒன்று. தம்பியை வெளியே கொண்டுவர வேண்டும் என்பது மற்றொன்று. முதலாவதை ஒரு ஆவணப்படத்தால் செய்ய முடியும். இரண்டாவதையும் அது செய்துவிடும் என்று நம்பி நீங்கள் பேசப் போனால், படம் வெளியான பிறகும் தம்பி அசையாமல் இருக்கும்போது அந்த ஏமாற்றத்தை உங்களால் தாங்க முடியுமா என்று எனக்குக் கவலையாக இருக்கிறது. இரண்டையும் முதலில் பிரித்து வையுங்கள். தம்பி வரவே போவதில்லை என்று வைத்துக்கொண்டாலும் பேச விரும்புவீர்களா? "ஆம்" என்று உள்ளிருந்து பதில் வந்தால், மேற்கொண்டு யோசிக்கலாம்.

"நான்தான் அவனைச் சேர்த்துவிட்டேன்" என்று கடிதம் நெடுகத் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறீர்கள். அதற்கு ஒரு பதில் சொல்லியாக வேண்டும். ஐலீன் பார்க்கர் என்ற பிரிட்டிஷ் சமூகவியலாளர், சன் மியுங் மூன் தொடங்கிய யூனிஃபிகேஷன் சர்ச்சில் மக்கள் எப்படிச் சேருகிறார்கள் என்று பல ஆண்டுகள் ஆராய்ந்து 1984-ல் வெளியிட்டார். அறிமுக முகாமுக்கு வந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் சேரவில்லை. சேர்ந்தவர்களிலும் பெரும்பாலோர் இரண்டு ஆண்டுகளுக்குள் தாமாகவே விலகினார்கள். "மூளைச்சலவை செய்துவிட்டார்கள், அவர்களுக்கு வேறு வழியே இல்லை" என்ற அன்றைய பொதுப்பேச்சுக்கு இது பொருந்தவில்லை. எல்லா இயக்கங்களும் ஒன்றுபோல இருக்காது. மிரட்டலும் தூக்கமின்மையும் இருக்கும் இடத்தில் விலகுவது இன்னும் கடினம். ஆனாலும் அழைத்துப் போகிறவர் வாசலைத்தான் காட்டுகிறார். உள்ளே தங்கவைப்பது வேறு பல காரணங்கள். உங்கள் தம்பி பத்து ஆண்டுகளாக அங்கே இருப்பதற்கு அவருடைய சொந்தக் காரணங்களும் இருக்கும். அவற்றில் சில உங்களுக்குத் தெரியாமலும் இருக்கலாம். குற்ற உணர்ச்சியை இறக்கிவைக்கும் இடமாக ஆவணப்படத்தை நினைக்காதீர்கள். அதற்குக் கேமரா இல்லாத அறை வேண்டும்.

படம் பார்த்தால் தம்பி மாறிவிடுவாரா?

உள்ளே இருப்பவர்கள் இப்படிப்பட்ட படங்களைப் பெரும்பாலும் பார்ப்பதில்லை. பார்த்தாலும், அதற்கு முன்பே மறுப்பு அவர்கள் கையில் கொடுக்கப்பட்டிருக்கும். சயின்டாலஜி என்ற புதிய மத இயக்கத்தைப் பற்றி 2015-ல் அமெரிக்காவில் ஒரு ஆவணப்படம் வந்தபோது, அது திரையிடப்படும் முன்பே அந்த அமைப்பு நியூயார்க் டைம்ஸில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தது. படத்தில் பேசிய முன்னாள் உறுப்பினர்களின் நம்பகத்தன்மையைத் தாக்கி இணையத்தில் தனித்தனியாக வீடியோக்களும் வெளியிட்டது. உள்ளே இருக்கும் ஒருவர் அதைப் பார்க்கும்போது என்ன நினைப்பார்? "உலகம் நம்மைப் பழிக்கும் என்று தலைவர் அன்றே சொன்னார், இதோ நடக்கிறது" என்றுதான். அந்தப் பழிப்பில் அக்காவின் குரலும் இருந்தால், உங்கள் மாதாந்திர ஃபோன் அழைப்பு நின்றுபோகலாம். இதைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. நடக்கக்கூடியவற்றில் இதற்கு வாய்ப்பு அதிகம் என்பதால் சொல்கிறேன்.

அதே சமயம் படங்களால் பயனே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். 2023 மார்ச்சில் வெளிவந்த தென்கொரிய ஆவணத்தொடர் ஒன்று ஜேஎம்எஸ் என்ற இயக்கத்தின் தலைவர் ஜங் மியோங்சோக் பெண்களிடம் நடந்துகொண்ட விதத்தை நாடு முழுக்கப் பேசவைத்தது. அதை நிறுத்தச் சொல்லி இயக்கம் நீதிமன்றம் போனது, நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஹாங்காங்கைச் சேர்ந்த ஒரு பெண் முகத்தையும் பெயரையும் மறைக்காமல் பேசினார். ஆனால் படம் வந்ததால்தான் தலைவர் ஜங் கைதானார் என்று பலர் நினைக்கிறார்கள், அது சரியல்ல. ஏற்கெனவே பத்து ஆண்டு தண்டனை அனுபவித்து 2018-ல் வெளியே வந்தவர், புதிய புகார்களின் பேரில் 2022 அக்டோபரிலேயே கைதாகிவிட்டார். 2023 டிசம்பரில் 23 ஆண்டு தண்டனை விதிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் 17 ஆண்டாகக் குறைந்து, 2025 தொடக்கத்தில் உறுதியானது. புகாரும் விசாரணையும் முன்னே போயிருந்தன, படம் பின்னால் வந்து மக்கள் கவனத்தைத் திருப்பியது.

இது உங்களுக்கும் முக்கியம். தூங்கவிடாமல் துன்புறுத்தியது, சம்மதமில்லாமல் தொட்டது, சிறுவர்களைக் கொடுமைப்படுத்தியது போன்றவை உங்களுக்கு நேரடியாகத் தெரியும் என்றால், கேமரா எதிரே உட்காரும் முன்பே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். வழக்கு என்று வந்தால் நீங்கள் படத்தில் சொன்னதும் வாக்குமூலத்தில் சொன்னதும் வரிவரியாக ஒப்பிடப்படும். பதற்றத்தில் ஒரு தேதி மாறிப்போனாலும் எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும். சிறுவர்கள் இப்போதும் ஆபத்தில் இருக்கிறார்கள் என்று தெரிந்தால், படத்துக்காகக் காத்திருக்கவே கூடாது. அதை உடனே குழந்தைகள் பாதுகாப்பு அதிகாரிகளிடம் சொல்ல வேண்டும்.

"உண்மையைத்தானே சொல்கிறேன்"

இந்த நம்பிக்கை நியாயமானது, ஆனால் சட்டம் எல்லா இடத்திலும் அப்படி இல்லை. தென்கொரியாவில் உண்மையான தகவலைச் சொன்னாலும் அவதூறு வழக்கு வரலாம். பொதுநலனுக்காக மட்டுமே சொன்னது என்று காட்டினால்தான் தப்பிக்க முடியும். இந்தியாவின் குற்றவியல் சட்டத்திலும் உண்மை என்பது மட்டும் போதாது, பொது நன்மைக்காகச் சொன்னதாகவும் இருக்க வேண்டும். உண்மையே போதும் என்கிற நாடுகளிலும், உண்மை என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழலாம். பணபலமுள்ள அமைப்பு வழக்கில் ஜெயிக்க வேண்டும் என்பதே இல்லை, உங்களை ஆண்டுக்கணக்கில் அலையவைத்தாலே அதற்குப் போதும்.

எனவே நீங்கள் கண்ணால் கண்டதையும், காதால் கேள்விப்பட்டதையும், நீங்களாக ஊகித்ததையும் மூன்றாகப் பிரித்து எழுதிப் பாருங்கள். கேமரா முன் முதல் வகையை மட்டும் பேசுங்கள். "தலைவர் பணத்தைச் சுருட்டினார்" என்பது உங்களுக்கு நேரடியாகத் தெரியாது. "என் சேமிப்பு முழுவதையும் கொடுத்தேன், கணக்குக் கேட்டபோது எல்லார் முன்னும் என்னை எழுப்பி நிறுத்தினார்கள்" என்பது உங்கள் அனுபவம். இந்த அனுபவம்தான் பார்ப்பவர் மனதிலும் தங்கும். இன்னொன்று: சேரும்போதோ விலகும்போதோ எதையும் வெளியே சொல்ல மாட்டேன் என்று ஏதாவது கையெழுத்துப் போட்டீர்களா? நகல் இல்லாவிட்டாலும் நினைவில் இருப்பதை வழக்கறிஞரிடம் சொல்லுங்கள். குற்றத்தை மறைக்க வைக்கும் ஒப்பந்தங்கள் பல இடங்களில் செல்லாது. ஆனாலும் முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது.

அங்கே பதிவான உங்கள் வீடியோக்கள்தான் உங்களைத் தூங்கவிடாமல் வைத்திருக்கின்றன என்று நினைக்கிறேன். கடிதத்தில் அதைப் பட்டும்படாமல் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். நெக்ஸியம் என்ற அமெரிக்க அமைப்புக்குள் இயங்கிய ரகசியக் குழுவில், பெண்களிடம் அந்தரங்கப் படங்களையும் தம் குடும்பத்தையே கெடுக்கும் வாக்குமூலங்களையும் பிணையாக வாங்கி வைத்தார்கள். பேசினால் வெளியே வரும் என்ற அச்சமே பூட்டாக இருந்தது. அப்படியும் பெண்கள் பேசினார்கள். அதன் தலைவர் கீத் ரனியேருக்கு 2020-ல் 120 ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது. அப்படிப்பட்ட பதிவை வெளியிடுவேன் என்று மிரட்டுவது பல நாடுகளில் தனிக் குற்றம். அந்த வீடியோக்களில் எதை நினைத்து அதிகம் பயப்படுகிறீர்களோ அதைக் கணவரிடம் நீங்களே முதலில் சொல்லிவிட முடியுமா என்று யோசியுங்கள். அவர் "கிளறாதே" என்பது கோபத்தால் இருக்காது, உங்களுக்கு என்ன ஆகுமோ என்ற பயமாகவும் இருக்கலாம்.

முகத்தை மறைத்தால் போதுமா?

போதாது. உங்களை யாரிடமிருந்து மறைக்க வேண்டும்? தெருவில் போகும் அந்நியரிடமிருந்து அல்ல, ஒன்பது ஆண்டுகள் உங்களோடு வாழ்ந்தவர்களிடமிருந்து. அவர்களுக்கு உங்கள் கையசைவு போதும், வாக்கியத்தை முடிக்கும் விதம் போதும். எல்லாவற்றுக்கும் மேலாக நீங்கள் சொல்லும் சம்பவமே காட்டிக்கொடுத்துவிடும். அன்று அந்த அறையில் இருந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் வெளியே வந்தவர் யார் என்று அவர்களுக்குத் தெரியாதா? குரலை ஏற்றி இறக்கி மாற்றுவதைத் தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் பழையபடி ஆக்கிவிட முடியும். உங்கள் வார்த்தைகளை வேறொருவர் குரலில் பேசவைப்பது அதைவிடப் பத்திரம். அடையாளம் மறைய வேண்டும் என்றால் சில சம்பவங்களைச் சொல்லாமலே விட வேண்டியிருக்கும். அடையாளம் தெரியத்தான் போகிறது என்றால், முகத்தைக் காட்டி நிமிர்ந்து பேசுவதையும் ஒரு வழியாக எண்ணிப் பாருங்கள். பாதி மறைத்துப் பாதி தெரியும் நிலையில் பயமும் போகாது, சொன்ன நிம்மதியும் கிடைக்காது.

கையெழுத்துக்கு முன்

"பிடிக்காவிட்டால் பிறகு நீக்கச் சொல்லலாம்" என்கிறீர்கள். வழக்கமான ஒப்புதல் படிவத்தில், எல்லா ஊடகங்களிலும், உலகம் முழுவதும், காலவரையின்றிப் பயன்படுத்தும் உரிமை தயாரிப்பாளருக்குப் போய்விடும். எதை வைப்பது, எதை வெட்டுவது, எந்தக் காட்சிக்குப் பக்கத்தில் உங்கள் முகம் வரும் என்பதெல்லாம் இயக்குநர் முடிவு. நான் முன்பு சொன்ன கொரியத் தொடரிலும், பெண்களின் உடலைக் காட்டும் பதிவுகளை அப்படியே சேர்த்தது தேவையா என்று கண்டனம் எழுந்தது. நல்ல நோக்கத்தோடு எடுக்கப்படும் படத்திலும் இது நடக்கும். எனவே எதைக் கேட்க வேண்டுமோ அதைக் கையெழுத்துக்கு முன்பே கேட்டு, எழுத்தில் வாங்குங்கள்:

- நான் வரும் பகுதிகளை, தகவல் சரிதானா என்று பார்ப்பதற்காக, வெளியீட்டுக்கு முன் காட்டுவீர்களா? படப்பிடிப்புக்குப் பிறகு மனம் மாறினால் விலக எனக்கு எவ்வளவு கால அவகாசம்?
- வழக்கு வந்தால் என் சட்டச் செலவை யார் ஏற்பார்கள்? தயாரிப்பு நிறுவனத்துக்குக் காப்பீடு உண்டா, அதில் நானும் வருவேனா?
- படத்தில் சேராத பதிவு எங்கே இருக்கும், யார் பார்ப்பார்கள், இயக்கத்தின் பதிலைக் கேட்கப் போகும்போது என் பெயரோ காட்சியோ அவர்களிடம் போகுமா?

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். 1989 அக்டோபரில், ஜப்பானின் ஓம் ஷின்ரிக்கியோ இயக்கத்துக்கு எதிராக வாதாடிக்கொண்டிருந்த வழக்கறிஞர் சகமோட்டோ சுட்சுமியின் நேர்காணலை டிபிஎஸ் தொலைக்காட்சி, ஒளிபரப்பும் முன்பே அந்த இயக்கத்தாரிடம் காட்டியது. அவர்கள் எதிர்த்ததும் நிகழ்ச்சியைக் கைவிட்டது. காட்டியதை வழக்கறிஞரிடம் சொல்லவும் இல்லை. சில நாட்களில் அவரும் மனைவியும் கைக்குழந்தையும் கொல்லப்பட்டார்கள். காட்டியதைத் தொலைக்காட்சி ஒப்புக்கொண்டது 1996-ல்தான். உங்கள் இயக்கம் அப்படிப்பட்டது என்று நான் சொல்லவில்லை. குற்றம் சாட்டப்பட்டவர்களின் பதிலைக் கேட்பது நேர்மையான படத்துக்கு அவசியம்தான். ஆனால் கேள்வியை அவர்களிடம் கொண்டுபோவது வேறு, கேள்வி யாரிடமிருந்து வந்தது என்று காட்டிக்கொடுப்பது வேறு. இந்த வித்தியாசம் இயக்குநருக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். அவர் கனிவானவர் என்கிறீர்கள், நல்லது. இந்தக் கேள்விகளைக் கேட்கும்போதும் அவர் கனிவு மாறாமல் இருந்தால் நம்பலாம். அவசரப்படுத்தினால், "எங்களை நம்பவில்லையா" என்று வருத்தப்பட்டுக் காட்டினால், அப்படிப் பேசிய வேறொருவரை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருக்கிறீர்கள்.

நல்ல நாட்கள்

சொல்லுங்கள். தயங்காமல் சொல்லுங்கள். என்னைக் கேட்டால், உங்கள் கடிதத்திலேயே மிக நேர்மையான வரி அதுதான். 1995 மார்ச் 20-ல் டோக்கியோ சுரங்க ரயில்களில் ஓம் ஷின்ரிக்கியோவினர் சாரின் நச்சுவாயுவை விட்ட பிறகு, மோரி தட்சுயா என்ற ஜப்பானிய இயக்குநர் அந்த இயக்கத்தில் எஞ்சியிருந்தவர்களை நெருங்கிப் பின்தொடர்ந்து ஒரு ஆவணப்படம் எடுத்தார். 1998-ல் வந்த அந்தப் படத்தில் அரக்கர்கள் இல்லை. தயங்கித் தயங்கிப் பேசும் சாதாரண இளைஞர்கள் இருந்தார்கள். பார்க்க அது சங்கடமாகத்தான் இருக்கும். ஆனால் நல்ல மனிதர்கள் ஏன் அங்கே போகிறார்கள், ஏன் தங்குகிறார்கள் என்று அப்படிப்பட்ட காட்சியில்தான் புரிகிறது. முட்டாள்கள்தான் ஏமாறுவார்கள் என்று படம் காட்டினால், பார்க்கும் ஒவ்வொருவரும் "நான் முட்டாள் இல்லை" என்று நிம்மதியாக எழுந்து போய்விடுவார்கள். கூடிப் பாடிய மாலைகள் இனிமையாக இருந்தன, அங்கே முதல்முறையாக யாரோ உங்கள் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்டார்கள் என்றால், அதுவும் சாட்சியம்தான். தம்பி என்றாவது படத்தைப் பார்த்தால், அக்கா பொய் சொல்லவில்லை என்று அவர் உணரக்கூடிய இடமும் அதுவாகவே இருக்கும். இதற்கு இடம் தராத படம் என்றால் அதில் நீங்கள் இருக்க வேண்டியதில்லை.

விளக்குகளுக்கு முன்

ஒரு விஷயத்தை நீங்கள் கவனிக்கவில்லை என்று தோன்றுகிறது. ஒரு நாற்காலி, எதிரே கேமரா, "மனதில் இருப்பதையெல்லாம் சொல்லுங்கள்" என்று தூண்டும் ஒருவர். அந்த வாராந்திரக் கூட்டமும் இப்படித்தானே இருந்தது? உங்கள் உடல் இரண்டையும் வேறுபடுத்திப் பார்க்காமல் போகலாம். தொண்டை அடைக்கலாம், அல்லது அன்று போலவே கேட்டதற்கெல்லாம் கட்டுப்பட்டுச் சொல்ல நினைக்காததையும் கொட்டிவிடலாம். எனவே எதைச் சொல்ல மாட்டேன் என்று முதல் நாளே எழுதி இயக்குநரிடம் கொடுங்கள். கணவரோ நெருங்கிய தோழியோ அறையில் இருக்கட்டும். இடைவேளை கேட்கும் உரிமையும் "இதற்குப் பதில் சொல்ல மாட்டேன்" என்று சொல்லும் உரிமையும் உங்களுடையவை. படப்பிடிப்புக்கு மறுநாளும் அதற்கடுத்த வாரமும் தூக்கம் கெடுவது இயல்பு. அது நீண்டுகொண்டே போனால், அல்லது வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால், தாமதிக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். படம் வெளியாகும் நாட்களுக்கும் சேர்த்து ஒரு ஆலோசகரை இப்போதே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள், அன்றுதான் இணையத்தில் வசவுகள் வரும்.

தம்பியிடம்

படத்தை அவருக்கு அனுப்பி "பார், உன் தலைவரின் லட்சணத்தை" என்று சொல்ல வேண்டாம். அவரை வலுக்கட்டாயமாகத் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று உறவினர் யாராவது சொன்னால் அதற்கும் இணங்காதீர்கள். 1970-களில் அமெரிக்காவில் பல குடும்பங்கள், வயதுவந்த பிள்ளைகளைக் கடத்தி அறையில் அடைத்து மனத்தை மாற்ற முயன்றன. பலர் அங்கிருந்து தப்பி இயக்கத்துக்கே திரும்பிப் போனார்கள், சில குடும்பங்கள் நீதிமன்றத்தில் நின்றன. தம்பி வயதுவந்தவர். அவர் தன் விருப்பத்தோடு இருக்கும்வரை அது அவர் உரிமை. அடைத்து வைத்திருக்கிறார்கள் என்பதற்கு ஆதாரம் இருந்தால் மட்டும் நீதிமன்றத்தை நாடுங்கள்.

நீங்கள் பேசுவதென்று முடிவு செய்தால், செய்தி அவருக்கு இயக்கத்தின் வழியாகப் போய்ச் சேர விடாதீர்கள். படம் வெளியாவதற்குச் சற்று முன், படக்குழுவிடம் சொல்லிவிட்டு, நீங்களே சொல்லுங்கள். "என் வாழ்க்கையைப் பற்றிப் பேசியிருக்கிறேன். உன்னைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. நீ பார்க்க வேண்டும் என்று கேட்க மாட்டேன். எப்போது வேண்டுமானாலும் கூப்பிடு" என்ற அளவு போதும். அந்த வார்த்தைகள் உண்மையாக இருக்க, படத்தில் தம்பியின் பெயரையோ படத்தையோ கதையையோ நிஜமாகவே கொடுக்காமல் இருக்க வேண்டும். இயக்குநர் கட்டாயம் கேட்பார், ஏனென்றால் அது மனதை உருக்கும் பகுதி. அதைத் தரும் உரிமை உங்களுக்கு இல்லை.

இயக்குநரிடம் இப்போதைக்குக் கூடுதல் அவகாசம் கேளுங்கள். ஆமா, இல்லை என்ற இரண்டு பதில்கள்தான் இருக்கின்றன என்று நினைக்க வேண்டாம். கேமரா இல்லாமல் பின்னணித் தகவல் மட்டும் தரலாம். எந்தக் கேள்வியை யாரிடம் கேட்க வேண்டும் என்று குழுவுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். எழுதி, தேதியிட்டு, வழக்கறிஞரிடம் பத்திரமாக வைத்துவிட்டு, தம்பி வெளியே வரும்வரை காத்திருக்கலாம். ஆண்டுகள் கழித்துப் பேசியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.